இருபது வரை எண்ணச் சொன்ன மைத்துனருக்கு

அன்புள்ள மைத்துனருக்கு,

இங்கு அனைவரும் உயிரோடு இருக்கிறோம். நீயும் உன் தூண்டில் கடையும் நலமா என்று விசாரிப்பது முறை. விசாரித்துவிட்டேன், பதில் வேண்டாம். மேலே 'அன்புள்ள' என்று இருப்பது கைப்பழக்கம். அதை அடித்துவிட்டுப் படிக்கவும்.

என் மகள் விரும்பும் பையனுடைய அப்பா, கடிகாரம் பழுதுபார்ப்பவர், மூன்று முறை எங்கள் வீட்டுக்கு வந்தும் கல்யாணத்தைப் பற்றி வாய் திறக்கவில்லை என்பது உனக்குத் தெரியும். காபி குடிப்பார், சுவர்க் கடிகாரத்தைப் பார்ப்பார், "ரெண்டு நிமிஷம் லேட்டு" என்பார், எழுந்து போய்விடுவார். நான் தலையைப் பிய்த்துக்கொண்டிருந்தபோது நீதானே வந்தாய்? "அத்தான், அவருக்கு பாஸ் மீன் பிடிக்கிறதுன்னா உயிரு. ஒரு நாள் காலையில அவரோட ஏரிக்கரையில போய் நில்லுங்க, காரியம் முடிஞ்ச மாதிரி" என்றாய். அதோடு விட்டாயா? ஒரு தூண்டில் கோல், தலைமுடி கனத்தில் நைலான் நரம்பு, துளியூண்டு கொக்கி, மண்புழு நிறத்தில் ஒரு ரப்பர் துண்டு, இவ்வளவையும் என் தலையில் கட்டினாய். "ஆழமில்லாத தண்ணியில ஈயம் கட்டினா தொப்புன்னு விழுந்து மீன் ஓடிடும். இது தானா நெளிஞ்சு நெளிஞ்சு மெதுவா இறங்கும். வீசிட்டு ஒண்ணுமே செய்யக் கூடாது அத்தான். இருபது வரைக்கும் எண்ணுங்க, போதும்."

ஒண்ணுமே செய்யக் கூடாதாம்! யாரிடம் சொல்கிறாய்? முப்பத்தொரு வருஷம் டிரைவிங் ஸ்கூலில் பக்கத்து சீட்டில் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு உட்கார்ந்து, கத்திக் கத்தியே குடும்பத்தைக் காப்பாற்றியவன்டா நான்!

சனிக்கிழமை அவரும் நானும் ஏரிக்குப் போனோம். முழங்காலுக்கு மேல் தண்ணீர் இல்லை. புல்லோரமாக ஒரு பாஸ், பச்சை முதுகு, முழங்கை நீளம், எங்களைப் பார்த்துக்கொண்டு சும்மா நிற்கிறது. அவர் வீசினார், சத்தமே இல்லை. நான் வீசினேன், நாலு எண்ணுவதற்குள் இழுத்துவிட்டேன். "இப்பதான் இறங்குது, விடுங்க" என்றார். மறுபடி வீசினேன். உன் புழு இறங்குகிற வேகத்துக்கு ஒரு மனுஷனுக்குத் தாடியே வளர்ந்துவிடும்! ஏழில் இழுத்தேன், பாசிதான் வந்தது. மூன்றாவது தடவை பல்லைக் கடித்துக்கொண்டு பதினொன்று வரைக்கும் போனேன், சத்தியமாகப் போனேன், மீனும் மூக்கைக் கிட்டே கொண்டுவந்தது, அந்த நேரம் பார்த்தா அவர் தண்ணிக்குள்ளே காலை எடுத்து வைக்கணும்? என் வாய் என்னைக் கேட்காமலே "பிரேக்! பிரேக்!" என்று அலறிவிட்டது. மீன் போயே போச்சு. ஆத்திரத்தில் கோலைச் சுண்டினேன், புழு பறந்து எதிலோ மாட்டியது, நல்ல கனம், "சிக்கிடுச்சு! பெருசு!" என்று நரம்பைச் சுற்றுகிறேன், சுற்றச் சுற்ற அவர் பின்பக்கமாகவே நடந்து என்னிடம் வருகிறார். எனக்குப் புரிய வேண்டாமா? அவர் சட்டைக் காலரில் உன் கொக்கி! அந்த நரம்பாவது அறுந்து தொலைந்ததா? உன் கடைச் சரக்கு அன்றைக்குப் பார்த்துத்தான் உறுதியாக இருக்க வேண்டுமா? சேற்றில் வழுக்கி, மனுஷன் அப்படியே தண்ணீரில் உட்கார்ந்துவிட்டார்.

திட்டியிருந்தால்கூடத் தேவலை. கைக்கடிகாரத்தின் திருகாணியைக் கழற்றுவதுபோல் இரண்டு விரலால் கொக்கியை எடுத்து, என் உள்ளங்கையில் வைத்து, "வீட்டுக்குப் போகலாம்" என்றார். வழி நெடுகக் கார் சீட்டு சொட்டிக்கொண்டிருந்தது.

உன் அக்கா என்ன சொன்னாள் தெரியுமா? "என் தம்பி நல்லதுக்குத்தான் சொன்னான். உங்களுக்குத்தான் சும்மா நிக்கத் தெரியல." மூன்று நாளாக மகள் சாப்பாட்டு மேஜையில் என் எதிரே உட்காருகிறாள். அவள் வாயைத் திறப்பதற்குள் நான் கை கழுவ எழுந்துவிடுகிறேன். என் காரியம் கெட்டால் போகட்டும் என்று விட்டுவிடலாம். இது அவள் வாழ்க்கையடா, பாவி.

இனி நீ இந்த வீட்டுப் படி ஏறக் கூடாது. உன் கோலை பஸ்ஸில் போட்டு அனுப்புகிறேன். வயதில் சிறியவனாகிவிட்டாய், ஆசீர்வதித்தாக வேண்டும்: மனைவி மக்களோடு ஒரு குறையுமில்லாமல், எங்களுக்கு வெகு தூரத்தில், நீடூழி வாழ்க.

இப்படிக்கு,
உன் அக்காவைக் கட்டியவன்

பி.கு.: ஒட்டிய உறையைப் பிரித்து எழுதுகிறேன். கடிகாரக்காரர் வந்திருந்தார். கல்யாணத்தை எந்த மாதம் வைத்துக்கொள்ளலாம் என்று கேட்டார். "அப்போ உங்களுக்குச் சம்மதமா?" என்றேன். "முதல் நாளே பையன்கிட்ட சொல்லிட்டேனே. நீங்க என்கிட்ட கேக்கவே இல்லையே" என்றார். மகளைத் திரும்பிப் பார்த்தேன். "எனக்கு அன்னைக்கே தெரியும்ப்பா. எத்தனையோ தடவை சொல்ல வந்தேன். ஒவ்வொரு தடவையும் நீங்க யாரையாவது திட்டிக்கிட்டு இருந்தீங்க" என்றாள். பதில் சொல்ல வாயைத் திறந்தேன். உன் அக்கா பார்த்த பார்வையில் மூடிக்கொண்டேன். ஞாயிற்றுக்கிழமை மறுபடி ஏரிக்குக் கூப்பிட்டிருக்கிறார். அந்த ரப்பர் புழு ஒரு பாக்கெட் உடனே அனுப்பு. வேண்டாம், அனுப்பாதே. நீயே எடுத்துக்கொண்டு வா.