நாற்பத்தொரு பச்சை

உலகத்தில் 'பழசு' என்பதையே ஒழித்துக் கட்டிய மகத்தான இடம் ஒன்று உண்டென்றால், அது தடா பக்கத்தில் இருக்கும் எங்கள் கம்பெனி ஆபீஸ்தான். கம்ப்யூட்டருக்கு எந்த 'அப்டேட்' வந்தாலும் வந்த நிமிஷமே ஏற்றிவிடுவோம். ஏற்றினால் தலைமை அலுவலகத் திரையில் பச்சை டிக் விழும். அப்டேட்டுக்கு ஒன்றாக நாற்பத்தொரு கட்டம், நாற்பத்தொரு பச்சை. இந்தச் சாதனைக்காக மேனேஜர் ஹரிபிரசாத் சாருக்குக் கேடயம் கொடுத்தார்கள். ஆபீஸில் பெருமாள் படத்துக்கு ஒரு முழம் பூ, கேடயத்துக்கு இரண்டு முழம்.

ஜூன் மாதம் வந்த அப்டேட்டில் புது டிஸ்க் டிரைவர் ஒன்று இருந்தது. கம்ப்யூட்டர் சொல்வதை ஹார்ட் டிஸ்க்குக்கு எடுத்துச் சொல்லும் துபாஷிதான் டிரைவர். பழைய துபாஷி ஒழுங்காகச் சொன்னான். புதியவன் பாதியை முழுங்கினான். வருகைப் பதிவு ஃபைல்கள் ஒவ்வொன்றாகத் திறக்காமல் போயின. திறந்தவற்றிலும் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் கட்டம் கட்டமாக என்னவோ இருந்தது.

நிர்வாகம் 'போர்க்கால நடவடிக்கை' எடுத்தது. அதாவது, டிஸ்க்கை மாற்றியது. புதுசும் கெட்டது. இன்னொன்று வாங்கியது. அதுவும் கெட்டது. மூன்றாவது டிஸ்க் திருமலைக்குப் போய்த் தரிசனம் முடித்து, குங்குமப் பொட்டோடு வந்து உட்கார்ந்தது. பத்தே நாள்.

இதற்கிடையில் பேக்கிங் பிரிவு வள்ளியக்காவுக்கு வேலை நிரந்தரம் ஆக வேண்டிய நேரம் வந்தது.

"ரெகார்டுல அறுபத்திரண்டு நாளு லேதம்மா. நீ வேலைக்கு ராலேது, வரல," என்றார் சார், வழக்கம்போல் தெலுங்கு கலந்து.

"ஒரு நாளுகூட லீவு போடல சார். தெனம் கேட்டுல வெரலு வச்சிட்டுதான உள்ள வந்துகினு கீறேன்!"

"டிஸ்க்கு பொய் சொல்லாது கதா?"

"அப்போ நான் சொல்றனா?"

சார் ஃபைலை மூடினார். டிஸ்க்குக்கு மூன்று வாய்ப்புக் கொடுத்த கருணை உள்ளம், மனுஷிக்கு ஒன்றுகூடக் கொடுக்கவில்லை.

ஆபீஸ் கிளார்க்கான எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மதியச் சாப்பாட்டு நேரத்தில் ஒரு ஃபைலைப் பத்து முறை நகல் எடுத்துப் பார்த்தேன். நாலு கெட்டிருந்தன. அதே டிஸ்க்கைக் கழற்றி, யாரும் மதிக்காததால் அப்டேட்டே ஏறாத ஸ்டோர் ரூம் கம்ப்யூட்டரில் மாட்டினேன். பத்தும் சுத்தம்.

"சார், டிஸ்க்கு நல்லாத்தான் கீது. புது டிரைவர்தான் கெடுக்குது. பழச போட்டுட்டு, கேட்டு மெஷின்லேர்ந்து வருகைய திரும்ப எடுத்துடலாம். அதுல மூணு மாசந்தான் நிக்கும். இந்த வெள்ளிக்கிழமை அழிஞ்சிடும்."

"பழசா?" சார் கெட்ட வார்த்தை கேட்டவர் போலானார். "ஒரு டிக்கு செவப்பாயிடும் காஞ்சனா!"

"மூட்டைய எலி கடிச்சா எங்க நைனா எலியத்தான் சார் தேடுவாரு. மூணு மூட்டை மாத்தமாட்டாரு."

"சனிக்கிழமை ஆடிட்டும்மா. நாப்பத்தொண்ணும் பச்சையா நிக்கணும். தரவாத சூத்தாம், அப்புறம் பார்க்கலாம்."

வியாழக்கிழமை சார் சாப்பிடப் போனதும் நான் உட்கார்ந்தேன். பாஸ்வேர்டு ரகசியமாகக் கேடயத்தின் முதுகில் ஒட்டியிருந்தது. பழைய டிரைவரை ஏற்றி, கேட் மெஷினிலிருந்து எல்லாவற்றையும் திரும்ப எடுத்தேன். வள்ளியக்காவின் அறுபத்திரண்டு நாளும் நேரத்தோடு வந்து நின்றன. தலைமை அலுவலகத் திரையில் ஒரு கட்டம் சிவந்தது.

சனிக்கிழமை கேடயம் பக்கத்து யூனிட்டுக்குப் போனது. திங்கட்கிழமை எனக்கு மெமோ வந்தது. 'நிறுவனத்தின் நிறத்தைக் கெடுத்தமைக்கு விளக்கம் தருக.'

அன்றைக்கே வள்ளியக்கா ஆர்டர் வாங்க வந்தாள். சார் பெருந்தன்மையோடு நீட்டினார். "சூடு, இங்க பாரு வள்ளி, நீ வந்தேன்னு டிஸ்க்கே ஒப்புக்கிச்சு."

அக்கா ஆர்டரை மடித்து ஜாக்கெட்டில் வைத்துக்கொண்டு, சார் மேஜைத் திரையிலும் தெரிந்த அந்தச் சிவப்புக் கட்டத்தைப் பார்த்தாள்.

"இன்னா சார் இது! எல்லாம் பச்சையா இருந்தப்போ நான் வேலைக்கே வரலன்னீங்க. ஒண்ணு செவந்ததும் வந்துட்டன்றீங்க. மீதி நாப்பதையும் செவப்பாக்கிடுங்க சார். இன்னும் எத்தினி பேரு இங்க வேலைக்கு வந்துகினு கீறாங்கன்னு தெரியட்டும்."