அப்பாவை ஓர் இடம் நகர்த்தினேன்

உயிரோடு இருப்பவர்களுக்குத் தொல்லை கொடுத்தவர்கள் எங்கள் பக்கத்தில் நிறையப் பேர் உண்டு. இறந்தவர்களுக்குத் தொல்லை கொடுத்தவன், எனக்குத் தெரிந்து, நான் ஒருவன்தான். அதுவும் இருநூற்று அறுபத்தொரு பேருக்கு, ஒரே நேரத்தில்.

காட்டாங்குளத்தூரில் நான்கு வருடம் படித்து முடித்து, தாம்பரத்தில் ஒரு சின்ன கம்பெனியில் புரோகிராம் எழுதும் வேலைக்குச் சேர்ந்த புதிது. அப்பா இறந்து எட்டு மாதம் ஆகியிருந்தது. சிட்லபாக்கம் வீட்டில் நானும் அம்மாவும் மட்டும். ஞாயிறு பூசை முடிந்ததும் கல்லறைத் தோட்டத்துக்குப் போய் அப்பா பக்கத்தில் கொஞ்ச நேரம் நிற்போம். பிறகு வீட்டுக்கு வந்து பேசாமல் சாப்பிடுவோம்.

அந்தச் சமயத்தில்தான் பங்குத்தந்தை கூப்பிட்டார். மழையில் மரச்சிலுவைகள் உளுத்துப்போய்விட்டன. எல்லாவற்றையும் எடுத்துவிட்டு, எண் பொறித்த சிமெண்ட் கற்களை நட்டிருந்தார்கள். கல்லறைத் திருநாளுக்குள் பெயர்கள் எழுதியாக வேண்டும். பழைய நோட்டுப் புத்தகத்தில் எழுத்தெல்லாம் மங்கிக்கிடந்தது.

"கம்ப்யூட்டர்ல ஏத்தி ஒரு லிஸ்ட் எடுத்துக் குடுப்பியாப்பா?" என்றார்.

"ரெண்டு நாள் வேலை ஃபாதர்" என்றேன். (அம்மா அருகில் இருந்தாள். அவள் முகத்தில் கொஞ்சம் பெருமை தெரிந்தது. அதற்காக நான் இன்னும் பெரிய பொய்யும் சொல்லியிருப்பேன்.)

புரோகிராமுக்குள்ளேயே அடங்கிவிடும் குட்டி டேட்டாபேஸ் ஒன்று அப்போது வந்திருந்தது. ஒரே ஒரு ஃபைல். தனியாக சர்வர் எதுவும் வேண்டாம். ஒவ்வொரு பதிவுக்கும் அதுவே ஒன்று, இரண்டு என்று உள்ளுக்குள் ஓர் எண் போட்டுக்கொள்ளும். முதலாம் கல்லறையிலிருந்து வரிசையாக ஏற்றினேன். இரண்டு எண்களும் அழகாகப் பொருந்தின. பிறகு கல்லறை எண்ணுக்கென்று தனிக் கட்டம் எதற்கு? இதை அன்று நான் புத்திசாலித்தனம் என்று நினைத்தேன். சோம்பேறித்தனத்துக்குப் படித்தவர்கள் வைக்கும் பெயர் அது.

மொத்தம் முன்னூற்றிரண்டு பேர். ஏற்றி முடித்த பிறகு ஃபாதர் சொன்னார், "நாற்பத்தொண்ணு இப்போ காலிப்பா. எலும்புகளை அவங்க குடும்பக் கல்லறைக்கு நாகர்கோவிலுக்கு எடுத்துட்டுப் போயிட்டாங்க. பேரை எடுத்துடு."

எடுத்தேன். நாற்பத்திரண்டு நாற்பத்திரண்டாகவே இருக்கிறதா என்று பார்த்தேன். இருந்தது. அத்தோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் ஒழுங்கானவன் அல்லவா நான், அழித்த இடம் வீணாகக் கிடக்கக்கூடாது என்று ஃபைலைச் சுருக்கும் கட்டளையையும் கொடுத்தேன். அது மொத்தப் பதிவுகளையும் புதிதாக அடுக்கியது. நடுவில் ஓட்டை விழுந்த வரிசையை அதற்குப் பிடிக்கவில்லை. நாற்பத்தொன்றுக்குப் பின்னால் இருந்தவர்கள் அத்தனை பேரையும் ஓர் இடம் முன்னால் இழுத்துவிட்டது. தானே போட்ட எண்கள் இப்படி மாறலாம் என்று விளக்கக் குறிப்பில் தெளிவாகவே எழுதியிருந்தது. நான் அதைப் படித்தது கல்லறைத் திருநாளுக்கு மறுநாள்.

நான் அச்சடித்துக் கொடுத்த லிஸ்ட்டைப் பார்த்து, பெயின்டர் ஏழுமலை அண்ணன் இரண்டே நாளில் கற்களில் எழுதி முடித்தார். கையெழுத்து அச்சு மாதிரி இருந்தது.

திருநாள் அன்று தூறல். குடைகளும் சாமந்தியும் மெழுகுவர்த்தியுமாக ஊரே வந்திருந்தது. முதலில் ஒரு பெரியவர் ஃபாதரைத் தேடி வந்தார். "என் சம்சாரம் பேரு ரீத்தம்மா. கல்லுல அந்தோணிசாமின்னு போட்டிருக்கு. எந்த ஆம்பளைக்கு நான் பூ வைக்கணும்?" என்றார். அடுத்து இன்னொருவர், பிறகு நாலைந்து பேர். ஃபாதர் ஏழுமலை அண்ணனைக் கூப்பிட்டனுப்பினார்.

"பேப்பர்ல இன்னா கீதோ அதான் சார் எழ்தினேன்" என்றார் அவர். எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள்.

நான் ஓடினேன். அப்பாவின் இருநூற்றுத் தொண்ணூறாம் கல் முன்னால் அம்மா நின்றிருந்தாள். அதில் யாரோ ஒரு பிலோமினாவின் பெயர். பக்கத்துக் கல்லில் அப்பா பெயர். அதன் முன்னால் ஒரு குடும்பம் மாலையை வைத்துக்கொண்டு விழித்தது.

அம்மா அவர்களிடம் நிதானமாகச் சொன்னாள். "பேரு மட்டும்தாங்க உங்ககிட்ட வந்திருக்கு. ஆளு இங்கதான் இருக்காரு. நீங்க மாலையைப் போடுங்க." பிறகு என்னைப் பார்த்தாள். "வருஷா வருஷம் வீட்டுக்குள்ள ஏரித் தண்ணி வந்துச்சு. அப்பவும் வீடு மாத்த ஒத்துக்காத மனுஷன். போனப்புறம் நீ மாத்திட்டியே."

நான் சிரிப்பதா என்று தெரியாமல் நின்றபோதுதான் கடைசி வரிசையில் இருந்தவரைக் கவனித்தேன். முப்பது வயது இருக்கும். முன்னூற்றிரண்டாம் கல். எல்லோரும் ஓர் இடம் முன்னால் போய்விட்டதால் அந்தக் கல்லுக்குப் பெயரே மிஞ்சவில்லை. எண் மட்டும் இருந்தது. மண்மேடு மிகவும் சின்னது.

அவர் சத்தம் போடவில்லை. "சார், இதுல இப்பவே பேரு எழுத முடியுமா? அவ அம்மா ஸ்டேஷன்ல இறங்கிட்டா. வந்துட்டே இருக்கா" என்றார்.

"பேரு?"

"ஸ்டெல்லா மேரி. பதினோரு நாள்."

ஏழுமலை அண்ணன் என் பின்னாலேயே வந்திருந்தார். பெயின்ட் டப்பாவை எடுத்து வந்தார். நான் கல்லைச் சட்டையால் துடைத்துவிட்டுக் குடையைப் பிடித்தேன். கடைசி எழுத்து காய்வதற்குள் அந்தப் பெண் வந்துவிட்டாள். குனிந்து படித்தாள். அதன் பிறகு அங்கே நிற்க எனக்குத் தைரியம் இல்லை. கோயில் சுவருக்குப் பின்னால் போய், அப்பா இறந்த அன்றுகூட வராத அழுகையை அழுதேன்.

அடுத்த வாரம் லீவு போட்டு, ஏழுமலை அண்ணனோடு சேர்ந்து அத்தனை கற்களையும் சுரண்டி, திரும்ப எழுதினோம். அவர் எழுத, நான் பெயரையும் எண்ணையும் பழைய நோட்டைப் பார்த்து உரக்கப் படித்தேன். இருநூற்று அறுபத்தொரு பேரையும் பெயர் சொல்லிக் கூப்பிட்டது போல இருந்தது. ஒருவரும் பதில் சொல்லவில்லை, கோபித்துக்கொள்ளவும் இல்லை.

இப்போதெல்லாம் கண்ணாடி காணவில்லை என்றால் அம்மா என் மகளிடம், "உங்கப்பன் எதையாவது டெலீட் பண்ணானான்னு கேளு" என்கிறாள். என் மனைவிக்கு இந்தக் கதையை நான் சொல்வதற்கு முன்பே அம்மா சொல்லியிருந்தாள், பெண் பார்க்கப் போன அன்று.

ஒவ்வொரு கல்லறைத் திருநாளிலும் அம்மா மெழுகுவர்த்தியைப் பற்றவைப்பதற்கு முன் குனிந்து, கல்லில் உள்ள பெயரை எழுத்து எழுத்தாகப் படிக்கிறாள். பிறகு எங்கள் பக்கம் திரும்பி, "இருக்காரு. எங்கயும் போகலை" என்கிறாள். நாங்கள் எல்லோரும் சிரிக்கிறோம். சிரித்து முடித்த பிறகுதான் அழ ஆரம்பிக்கிறோம்.