சிவப்பு வளையம், பச்சை வளையம்

டிரை ஃபோர்க், மொன்டானா
அக்டோபர் 9, வியாழக்கிழமை

பெருமதிப்பிற்குரிய சங்க மடல் ஆசிரியர் ரோலண்ட் கெசல் அவர்களுக்கு,

டிரை ஃபோர்க் துப்பாக்கிச் சங்கத்தின் ஏழாம் எண் உறுப்பினரும் ஓய்வுபெற்ற பள்ளிப் பேருந்து ஓட்டுநருமான ஹார்லன் பெர்க்வால் வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. இங்கே நானும் என் மனைவி ஆர்டிஸும் நாயும் சுகம். அங்கே தங்கள் முழங்கால் வலி குறைந்திருக்கும் என்றும், நரி தங்கள் கோழிகளில் ஒன்றிரண்டையாவது விட்டுவைத்திருக்கும் என்றும் நம்புகிறேன். இந்தக் கடிதம் தங்கள் பார்வைக்கு மட்டுமே. தயவுசெய்து சங்க மடலில் அச்சிட்டுவிட வேண்டாம்.

ஆகஸ்ட் மடலில் தாங்கள் எழுதிய கட்டுரைதான் எல்லாவற்றுக்கும் ஆரம்பம். சுட்டு முடித்த தோட்டாக்களின் பித்தளைக் கூடுகளை, தண்ணீரை அதிரவைத்து அழுக்கெடுக்கும் அல்ட்ராசோனிக் கிளீனர் பெட்டியில் போட்டால் உள்ளும் புறமும் புத்தம் புதிதாகிவிடும் என்று எழுதியிருந்தீர்கள். தங்களைக் குறை சொல்லவில்லை. வாங்கியது நான். பெட்டி வந்த அன்றைக்கே தண்ணீர் ஊற்றி, அடுப்படி அலுமினியத் தாளில் ஒரு துண்டை உள்ளே தொங்கவிட்டேன். கண்ணுக்கு எதுவும் தெரியவில்லை, வெறும் ரீங்காரம்தான் கேட்டது. எடுத்துப் பார்த்தால் தாள் முழுக்கப் பொடிப்பொடியாக ஓட்டை! வெறும் தண்ணீருக்குள் யார் இருந்துகொண்டு இந்த வேலையைப் பார்க்கிறார்கள் என்று எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. அடுத்து மூக்குக் கண்ணாடியைப் போட்டேன், பளிச்சென்று வந்தது. மீன்பிடி சக்கரத்தின் பல்லுகளைப் போட்டேன், பிறகு என் பல்லையும் கழற்றிப் போட்டேன். ஆறு நிமிடத்தில் இருபது வருடக் காப்பிக் கறை போயே போய்விட்டது. அன்று இரவுச் சாப்பாட்டின்போது ஆர்டிஸ் என்னை ஒரு மாதிரி பார்த்து, "ஏங்க, எதுக்குச் சும்மா சும்மா சிரிக்கிறீங்க?" என்றாள். காரணத்தைச் சொல்லவில்லை.

அதோடு நிறுத்தியிருக்கலாம். சனிக்கிழமை இலையுதிர்காலப் போட்டி வருகிறதே, ஆர்டிஸுக்குத் தெரியாமல் அவளுடைய அறுபது கூடுகளையும் கழுவி வைத்து அசத்தலாம் என்று நினைத்தேன். செவ்வாய்க்கிழமை அவள் தேவாலய விருந்துக்கு ஆப்பிள் பலகாரம் செய்யப் போயிருந்த நேரத்தில், பின்வாசலில் அவள் தங்கை லவோன் ஒரு துணிப்பையோடு வந்து நின்றாள்.

இந்தச் சகோதரிகள் கதை தங்களுக்குத் தெரியும், இருந்தாலும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. ஆறு வருடத்துக்கு முந்தைய போட்டியில் புல்லில் கிடந்த ஒரே ஒரு கூட்டுக்காக இருவரும் ஒரே சமயத்தில் குனிந்தார்கள். சுட்டவருக்கே கூடு சொந்தம் என்பது சங்க விதி. இருவரும் ஒரே அளவுத் தோட்டா, ஒரே கம்பெனிக் கூடு. "இது என்னோடது" என்றாள் ஆர்டிஸ். "என் கால்கிட்ட விழுந்தது எப்படி உன்னோடதாகும்?" என்றாள் லவோன். ஆர்டிஸ் பூட்ஸால் மிதித்து அமுக்க, லவோன் அதை அடியிலிருந்து உருவிக்கொண்டு போய்விட்டாள். அன்றோடு பேச்சு நின்றது. அதற்குப் பிறகுதான் ஆர்டிஸ் தன் கூடுகளின் அடியில் மார்க்கர் பேனாவால் சிவப்பு வளையம் போட ஆரம்பித்தாள், லவோன் பச்சை வளையம் போட்டாள். ஆறு கிறிஸ்துமஸாக ஒரே தெருவில் இரண்டு வான்கோழி வேகிறது. நான் மதியம் ஒரு வீட்டிலும் சாயங்காலம் ஒரு வீட்டிலும் சாப்பிட்டு, இரண்டு இடத்திலும் "இதுதான் நல்லாயிருக்கு" என்று சொல்லிக்கொண்டிருக்கிறேன். ஆர்டிஸின் பிறந்தநாள் அட்டையை லவோன் என் கையில் கொடுப்பாள். ஆர்டிஸ் அதைப் பிரிக்காமல் மேசை இழுப்பறையில் வைத்துவிட்டு அன்று முழுக்க யாரோடும் பேச மாட்டாள். அதைப் பார்க்க எனக்குப் பொறுக்காது.

"அத்தான், எனக்கும் கொஞ்சம் கழுவிக் குடுங்க" என்றாள் லவோன். "ஆனா அக்காவோடதோட சேத்துப் போட்றாதீங்க, சொல்லிட்டேன்."

"சேர்ந்தாத்தான் என்ன? அதான் வளையம் இருக்கே" என்றேன். அழியாத மை என்று அந்தப் பேனாவின் மேலேயே அச்சடித்திருக்கிறார்கள், தாங்களே பார்த்துக்கொள்ளலாம்.

அவள் போன பிறகு பையைக் கொட்டினேன். அறுபது கூடுகளோடு ஒரு பழைய ஆஸ்பிரின் புட்டியும் உருண்டு வந்தது. அதற்குள் கன்னங்கரேலென்று ஒரு கூடு, அடியில் பூட்ஸ் ஆணி கீறிய பிறைத் தழும்பு. அந்தக் கூடேதான்! ஆறு வருடமாகத் துடைக்காமல், சுடாமல் வைத்திருக்கிறாள். மறந்துபோய்ப் பையோடு கொண்டுவந்துவிட்டாள் போல. யோக்கியமான மனிதன் புட்டியை மூடி வைத்திருப்பான். எனக்கோ, ஆறு வருட அழுக்கு எத்தனை நிமிடத்தில் போகும் என்று ஒரே அரிப்பு.

தாங்கள் எழுதியபடி கூடுகளின் அடியில் இருக்கும் வெடித்துப்போன பழைய கேப்புகளைத் தட்டி எடுத்துவிட்டு, ஜாம் போட ஆர்டிஸ் வைத்திருந்த எலுமிச்சை உப்பில் ஒரு கரண்டியும் இரண்டு சொட்டுப் பாத்திர சோப்பும் சுடுநீரில் விட்டு, நூற்றிருபத்தோரு கூடுகளையும் ஒன்றாகவே போட்டேன். தாங்கள் ஒரு சுற்று என்று எழுதியிருந்தீர்கள். நான் மூன்று சுற்று விட்டேன், நடுநடுவே ஒரு துணியால் துடைத்தும் பார்த்தேன். பிறகு ஈரம் போக, பூண்டு தடவி மான் இறைச்சி உலர்த்தும் பெட்டியில் தட்டுத் தட்டாக அடுக்கினேன். எடுத்துப் பார்த்தால் ஐயா, அத்தனையும் தங்கம். திருப்பினேன். சிவப்பைக் காணோம். பச்சையையும் காணோம். நூற்றிருபத்தொன்றும் ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள்போல என்னைப் பார்த்துப் பல்லை இளித்தன.

அப்போது பார்த்து ஆர்டிஸ் உள்ளே வந்தாள். ஒரு தட்டைப் பார்த்தாள், இன்னொரு தட்டைப் பார்த்தாள். "அறுபதுக்கு மேல இருக்கே. மிச்சம் யாரோடது?"

சொன்னேன். மேசைமேல் இருந்த பூரிக்கட்டையை அவள் எடுக்கவில்லை என்பதே பெரிய விஷயம்.

பிரிக்க ஒரே வழிதான் இருந்தது. நாங்கள் மூவரும் சுட்ட கூட்டின் கழுத்தை மட்டும் சரிசெய்து மறுபடி மருந்து நிரப்புகிறவர்கள் என்பதால், ஒருவர் கூடு அவரவர் துப்பாக்கியில் தோட்டா உட்காரும் அறைக்கேற்ப விரிந்து நிற்கும். லவோனின் துப்பாக்கி அறை இறுக்கம், ஆர்டிஸுடையது கொஞ்சம் தாராளம். கூடு லவோனுடையதில் போனால் அது லவோனுடையது. போகாவிட்டால் ஆர்டிஸுடையது. ஆனால் துப்பாக்கியைத் தனியாகத் தர லவோன் சம்மதிக்கவில்லை. "நானும் கூட வருவேன்" என்றாள். இப்படியாக நேற்றுக் காலை, ஆறு வருடத்தில் முதல்முறையாக இருவரும் என் சமையலறை மேசையில் எதிரெதிரே உட்கார்ந்தார்கள்.

இடையே இரண்டடி கூட இல்லை. "அவகிட்ட சொல்லுங்க, இது போகுதுன்னு" என்பாள் லவோன். நான் திரும்பி, "போகுதாம்" என்பேன். "எனக்குக் கண்ணு இருக்குன்னு சொல்லுங்க" என்பாள் ஆர்டிஸ். நாற்பது கூடு வரை இப்படியே போனது, என் கழுத்து சுளுக்கிக்கொண்டது. நாற்பத்தொன்றாவதை எடுத்த லவோன் அதை மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்தாள்.

"அக்கா, இது என்ன பூண்டு வாசம் அடிக்குது?"

"எறைச்சிப் பொட்டியில காய வச்சிருக்காருடி இந்த மனுஷன்!"

சொல்லிவிட்ட பிறகுதான் நேராகப் பேசிவிட்டோம் என்பது இருவருக்கும் உறைத்தது. பிறகு லவோன் சிரித்தாள். ஆர்டிஸ் அடக்கப் பார்த்து, முடியாமல், மேசையில் தலையை வைத்துச் சிரித்தாள். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. காப்பி போடுகிற சாக்கில் எழுந்து போனேன்.

அதற்குப் பிறகு வேலை மளமளவென்று ஓடியது. அறுபது இவளுக்கு, அறுபது அவளுக்கு. மிச்சம் ஒன்று, அடியில் பிறைத் தழும்போடு. சிரிப்பு நின்றது. லவோன் அதைத் தன் துப்பாக்கியில் வைத்தாள், போகவில்லை. ஆர்டிஸின் முகத்தில் ஆறு வருடத்து வெற்றி மலர்ந்தது. அவள் தன்னுடையதில் வைத்தாள், அதிலும் போகவில்லை. மறுபடி வைத்தாள், இடித்தது.

இந்த இடத்தில் ஒரு புத்திசாலி காப்பியை ஊற்றிக்கொண்டு சும்மா இருந்திருப்பான். ஆனால் இரண்டிலும் போகாத கூடு பிறகு எதில்தான் போகும்? எனக்குத் தெரிந்தாக வேண்டியிருந்தது. அலமாரியிலிருந்து, அதே அளவுத் தோட்டா போடும் என் பழைய துப்பாக்கியை எடுத்து வந்து கூட்டை வைத்து மூடினேன். வெண்ணெயில் கத்தி இறங்குவதுபோல மூடிக்கொண்டது.

அன்றைக்கு நான் அவர்கள் இருவருக்கும் நடுவில்தான் படுத்துச் சுட்டேன். ஐந்து சுட்டேன், நான்கு கூடு பொறுக்கினேன். ஒன்று புல்லில் தொலைந்தது என்று விட்டுவிட்டேன். அன்றே யாராவது துப்பாக்கியில் வைத்துப் பார்த்திருக்கலாம். கோபத்தில் இருப்பவர்களுக்கு ஆராய்ச்சி தோன்றாது, எனக்கோ அன்றைக்குப் பார்த்து ஆர்வமே வரவில்லை. ஆறு வான்கோழிகள் கூடுதலாகச் செத்தன ஐயா. வெட்கமாக இருக்கிறது.

"ஆறு வருஷம்!" என்றாள் ஆர்டிஸ். "ஆறு வருஷம் அத்தான்!" என்றாள் லவோன். பிறகு இருவரும் ஒரே குரலில் என்னைத் திட்டினார்கள். ஒருத்தி விட்ட இடத்தில் மற்றவள் எடுத்துக்கொண்டாள். இத்தனை ஒற்றுமையை நான் கண்டதேயில்லை. மாலையில் ஆர்டிஸ் அந்த இழுப்பறையைத் திறந்து, ஆறு அட்டைகளையும் லவோன் முன்னாலேயே பிரித்து வாசித்தாள்.

ஆகவே தங்களிடம் கேட்பது ஒன்றே ஒன்று. அடுத்த மடலில், இந்தப் பெட்டி அழியாத மையையும் அழிக்கும் என்று ஒரு வரி சேர்த்துவிடுங்கள். என் பெயர் வேண்டாம். எங்கள் வீட்டில் எல்லாப் பகையும் தீர்ந்தது, இனி வளையமே தேவையில்லை. தங்கள் இல்லத்தார் அனைவருக்கும் எங்கள் அன்பும், தங்கள் முழங்காலுக்கு என் விசேஷ விசாரிப்பும்.

தங்கள் உண்மையுள்ள,
ஹார்லன் பெர்க்வால்

பி.கு.: உறையை ஒட்டுவதற்குள் இருவரும் இதைப் படித்துவிட்டார்கள். முதல் பக்கத்தில், என் பெயரோடு அச்சிட வேண்டுமாம். அச்சிட்டுவிடுங்கள். அந்தக் கூட்டை நான் கேட்டேன், கிடைக்கவில்லை. ஆறு வருடம் காப்பாற்றியவள் தானே என்கிறாள் லவோன். புருஷன் கூடு பெண்டாட்டிக்குத்தான் என்கிறாள் ஆர்டிஸ். இன்று காலை பார்த்தால் அதன் அடியில் ஒரு பச்சை வளையம் இருந்தது, மதியம் அதைச் சுற்றி ஒரு சிவப்பு வளையமும் வந்துவிட்டது. இப்போது என் வழியாகப் பேச்சு இல்லை, ஃபோனில் நேராகவே சண்டை. தனித்தனியே இருவரும் என்னிடம் வந்து, மற்றவள் நிறத்தை மட்டும் அந்தப் பெட்டியில் போட்டு அழிக்க முடியுமா என்று ரகசியமாகக் கேட்டிருக்கிறார்கள். முடியுமா ஐயா? எந்த நிறம் முதலில் போகும் என்று எனக்கே தெரிந்துகொள்ள ஆசையாக இருக்கிறது. தண்ணீர் சூடாகிக்கொண்டிருக்கிறது, சீக்கிரம் பதில் எழுதுங்கள்.