"வெறும் பேச்சுத்தானே" என்கிற மனிதர்

கெட்ட பேச்சுப் பேசுகிறவர்களைப் பற்றி எல்லோரும் எழுதிவிட்டார்கள். அவர்களை அடையாளம் காண்பதில் ஒரு சிரமமும் இல்லை. வாயைத் திறந்தால் தெரிந்துவிடும். நான் உங்களுக்கு அறிமுகம் செய்ய விரும்புகிற பிராணி வேறு. இவர் ஒரு கெட்ட வார்த்தை பேசமாட்டார். எறும்பு வரிசையைக் கண்டால் காலைத் தூக்கித் தாண்டுவார். பக்கத்து வீட்டுக் குழந்தைக்குப் பிறந்தநாள் என்றால் பலூனோடு வந்து நிற்பார். ஆனால் எங்கே ஒருவன் நாலு பேர் நடுவில் உட்கார்ந்து, இன்னொரு கூட்டத்து மனிதர்களை ஓட்ட வேண்டும், உதைக்க வேண்டும், கொளுத்த வேண்டும் என்று பேசுகிறானோ, அங்கே அவனுக்குப் பக்கத்து நாற்காலியில் இவர் கட்டாயம் இருப்பார். யாராவது முகம் சுளித்தால் கையை லேசாக ஆட்டி, "விடுங்க, வெறும் பேச்சுத்தானே" என்பார். அவர் செய்வது அவ்வளவுதான்.

இந்த இனம் எல்லா நாட்டிலும் எல்லா மொழியிலும் செழிப்பாக வளர்கிறது. நான் முப்பது வருஷமாகக் குப்பை கொட்டுகிற இந்தக் கிழக்கு ஜெர்மனிச் சிறுநகரில் அதற்கு முழு வளர்ச்சி பெற்ற உதாரணமாக ஒருவர் உண்டு. ஹெர் ஓர்ட்மான். 'ஹெர்' என்றால் நம் ஊர்த் 'திரு'. எங்கள் தோட்டச் சங்கத்தின் தலைவர்.

தோட்டச் சங்கம் என்பது, அடுக்குமாடியில் குடியிருக்கிறவர்கள் ஊர்க் கோடியில் ஆளுக்கொரு துண்டு நிலத்தைக் குத்தகைக்கு எடுத்து, மூலையில் ஒரு மரக் குடிலைப் போட்டுக்கொண்டு, மண்ணைக் கிளறி மன நிம்மதி தேடுகிற இடம். நிம்மதி சும்மா வந்துவிடுமா? அதற்குச் சட்டம் வேண்டாமா? வேலிச் செடி ஒன்றேகால் மீட்டருக்கு மேல் வளரக் கூடாது. நிலத்தில் மூன்றில் ஒரு பங்கு காய்கறி இருந்தே ஆகவேண்டும். மதியம் ஒன்று முதல் மூன்று வரை அமைதி நேரம்; புல்வெட்டி ஓடக் கூடாது, சுத்தியல் தட்டக் கூடாது, அடுப்பு மூட்டி இறைச்சி சுடக் கூடாது, தும்முவதானாலும் யோசித்துத் தும்ம வேண்டும். ஹெர் ஓர்ட்மான் சனிக்கிழமைதோறும் மடக்கு அளவுகோலைச் சட்டைப் பையில் செருகிக்கொண்டு வரிசை வரிசையாக நடப்பார். ஒருமுறை என் வேலி இரண்டு விரற்கடை கூடிவிட்டது.

"நீங்க வேணும்னு செஞ்சிருக்க மாட்டீங்க. ஆனா பாருங்க, இன்னைக்கு ரெண்டு விரல விட்டா நாளைக்குக் காடாயிடும்" என்றார்.

என்ன தீர்க்கதரிசனம்! முளையிலேயே கிள்ள வேண்டும் என்கிற தத்துவத்தை இவரளவுக்குத் தெளிவாக அறிந்தவரை நான் பார்த்ததில்லை. செடி விஷயத்தில்.

எங்கள் சங்கத்தில் டெட்லெஃப் என்று ஒருவர். குழாய் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். சங்கத்துத் தண்ணீர்க் குழாய் முழுவதையும் காசு வாங்காமல் போட்டுக்கொடுத்த புண்ணியவான். வெள்ளிக்கிழமை சாயங்காலம் சங்கக் கொட்டகையில் வழக்கக்காரர்களுக்கென்று ஒரு மேசை உண்டு. யார் நாற்காலி எது என்பது கல்வெட்டில் பொறித்தது மாதிரி. மாறி உட்கார்ந்தால் எழுப்பிவிடுவார்கள். அந்த மேசையில்தான் டெட்லெஃப் பீரும் சுட்ட சாசேஜுமாக உட்கார்ந்து உலகத்தைத் திருத்துவார். ஆரம்பத்தில் அரசாங்கத்தைத் திட்டினார். பிறகு வானிலையை. அப்புறம் சிரியாவிலிருந்து ஹைதமும் அவர் மனைவி லுப்னாவும் வந்து ஆறாம் வரிசையில் ஒரு துண்டு எடுத்தார்கள். டெட்லெஃபுக்கு அன்றிலிருந்து வேறு தலைப்புத் தேவைப்படவில்லை.

ஹைதம் ரொட்டிக் கடையில் இரவு முழுக்க மாவு பிசைகிறவர். பகலில் வீட்டில் தூங்கலாமென்றால் மேல்மாடிப் பிள்ளைகள் கூத்தடிக்கும். அதனால் மதிய அமைதி நேரத்துக்குச் சரியாகத் தோட்டத்துக்கு வந்து, குடிலுக்குள் பாயை விரித்துப் படுத்துவிடுவார். "ஜெர்மனிக்காரங்க கண்டுபிடிச்சதுலயே உருப்படியானது இந்த ரெண்டு மணி நேரந்தாங்க" என்று என்னிடம் மனமாரச் சொன்னார். அவர் குடிலும் என் குடிலும் அடுத்தடுத்து. அவர் குறட்டை அமைதி நேரச் சட்டத்துக்கு உட்பட்டதா என்று நாங்கள் கேலி பேசுவோம்.

ஒரு வெள்ளிக்கிழமை டெட்லெஃப் சொன்னார்: "அந்தக் குடிலெல்லாம் காஞ்ச கட்டை. ஒரு தீக்குச்சி போதும், ஆறாம் வரிசை சுத்தமாயிடும்."

மேசை சிரித்தது. ஹெர் ஓர்ட்மான் சிரித்தாரா? அங்கேதான் அவருடைய கலை இருக்கிறது. உதடு மட்டும் விரியும், பல் தெரியாது. பிற்பாடு யாராவது கேட்டால் சிரித்ததாகவும் சொல்லலாம், இல்லை என்றும் சொல்லலாம். மேசைக் கோடியில் ரிக்கோ உட்கார்ந்திருந்தான். கூரை வேலை பார்த்து, வேலை நின்றுபோய், முப்பது வயதில் அம்மா வீட்டோடு இருக்கிறவன். அவன் சிரிக்கவில்லை. சாசேஜை மென்றுகொண்டே ஒவ்வொருவர் முகமாகப் பார்த்தான். "ரிக்கோவப் பாருங்க, தங்கமான பையன். வாயத் தொறக்க மாட்டான்" என்று ஹெர் ஓர்ட்மான் அடிக்கடி மெச்சிக்கொள்வார்.

தீக்குச்சிப் பேச்சு ஹைதம் காதுக்கு வராமல் இருக்குமா? மறுநாளே தலைவரிடம் போனார். நானும் கூடப் போனேன்.

"ஹெர் ஓர்ட்மான், குடிலக் கொளுத்தணும்னு டெட்லெஃப் சொல்றாராம். நான் அதுக்குள்ளதான் தூங்கறேன்."

"அட, அவரு அப்படித்தாங்க. மனசுல ஒண்ணும் கிடையாது."

"மனசுல இல்லாதது வாயில எப்படி வரும்?"

"பீர் உள்ள போனா வரும். குரைக்கிற நாய் கடிக்காதும்பாங்க. எங்க ஊர்ப் பழமொழி."

"எங்க ஊர்லயும் இருக்கு அந்தப் பழமொழி. அங்கயும் மொதல்ல வெறும் பேச்சாத்தான் இருந்துச்சு. இல்லேன்னா நான் எதுக்கு இங்க வந்து கத்தரிக்கா நட்டுக்கிட்டு நிக்கறேன்?"

ஹெர் ஓர்ட்மானின் கண் கலங்கிவிட்டது. பொய்யில்லை, நிஜமாகவே கலங்கியது. ஹைதமின் தோளைத் தட்டினார். உள்ளே திரும்பி, "கிஸெலா, அந்த பிளம்ஸ் கேக்க எடுத்துட்டு வா" என்று மனைவிக்குக் குரல் கொடுத்தார். மனசாட்சி உறுத்துகிற போதெல்லாம் அந்த வீட்டில் கேக் வெட்டப்படும். நாங்கள் கேக் தின்றுவிட்டு வந்தோம்.

எனக்கு ஆறவில்லை. இன்னொரு நாள் தனியாகப் பிடித்துக்கொண்டேன். அவர் எனக்கு விஞ்ஞானம் சொன்னார்.

"குக்கர் தெரியுமில்ல? ஆவிய வெளிய விடணும். வாய மூட வெச்சா உள்ளயே வெச்சிருந்து வெடிச்சிருவான். பேசிட்டான்னா காத்து போயிடும்."

"ஆவி வருதுன்னா கீழ அடுப்பு எரியுதுன்னு அர்த்தங்க."

"நீங்க ஏன் சங்கடப்படறீங்க? உங்களையா சொன்னாரு? நீங்க நம்ம ஆளு."

கேட்டீர்களா? வெறுப்பில் எனக்கு மட்டும் விலக்கு வாங்கிக் கொடுத்திருக்கிறார். நன்றி சொல்வதா, நாக்கைப் பிடுங்கிக்கொள்வதா என்று தெரியாமல் வீட்டுக்கு வந்தேன்.

ஹெர் ஓர்ட்மான் ஒருபோதும் தட்டிக் கேட்டதே இல்லை என்று நினைத்துவிடாதீர்கள். ஒருமுறை கேட்டார். டெட்லெஃப் ஒரு மதியம் வேலிக்கு மேலாக ஆறாம் வரிசையைப் பார்த்துக் கத்திக்கொண்டிருந்தார். என்ன கத்தினார் என்பதை அச்சில் ஏற்ற எனக்கு இஷ்டமில்லை; கொளுத்துவதும் இருந்தது, லுப்னாவின் முக்காடும் இருந்தது. தலைவர் அளவுகோலும் கையுமாக விறுவிறுவென்று வந்தார். எனக்கு வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது.

"டெட்லெஃப், என்ன இது? மணி ஒண்ணே கால். இப்பக் கத்தலாமா?"

"சரி சரி. மெதுவாச் சொல்றேன்."

"அதான் முறை."

டெட்லெஃப் அதையே மெதுவாகச் சொல்லி முடித்தார். சட்டம் காப்பாற்றப்பட்டது.

வருஷாந்தரக் கூட்டம் வந்தது. சங்கத்துக்குள் இப்படிப் பேசக் கூடாது என்று ஒரு தீர்மானம் போடலாம் என்று நானும் ஹைதமும் எழுந்து நின்றோம். முன்கூட்டியே கொடுக்காததால் அதைக் கடைசியில், 'இதர விஷயங்கள்' என்ற இடத்தில்தான் எடுக்க முடியும் என்றார் தலைவர். முறைதானே? அதற்கு முன்னால் வேலி உயரம் இருந்தது. ஒன்றேகாலை ஒன்றேமுக்கால் ஆக்கலாமா என்பது குறித்து ஜனநாயகம் இரண்டு மணி நேரம் தழைத்தது. ஒரு அம்மாள் அழுதுவிட்டார். 'இதர விஷயங்கள்' வந்தபோது பாதிப் பேர் பீருக்குப் போய்விட்டார்கள். "கருத்துச் சுதந்திரம் இருக்கற நாடு இது. ரொம்பப் பெரிய விஷயம். அவசரப்படாம அடுத்த வருஷம் ஆற அமரப் பேசுவோம்" என்று ஹெர் ஓர்ட்மான் முடித்துவைத்தார். ஹைதம் எழுந்து போனார். நாற்காலிகளை மடித்து அடுக்க உதவினார்.

அந்தக் கோடையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, அமைதி நேரத்தில், ஆறாம் வரிசையிலிருந்து புகை வந்தது. நான் அன்று ஊரில் இல்லை. கிஸெலாதான் பிற்பாடு அழுதுகொண்டே சொன்னார்.

ஒவ்வொரு தோட்டத்திலும் ஆள் இருந்தது. எல்லோரும் புகையைப் பார்த்தார்கள். எல்லோருக்கும் ஒரே எண்ணம்தான்: அமைதி நேரத்தில் அந்த சிரியாக்காரர்கள் இறைச்சி சுடுகிறார்கள். இரண்டு பேர் தலைவருக்குப் போன் செய்து புகார் கொடுத்தார்கள். தீயணைப்புக்கு ஒருவரும் செய்யவில்லை. சத்தம் போட்டு யாரையாவது கூப்பிடலாமென்றால், அது அமைதி நேரம் ஆயிற்றே!

"தொப்பிய மாட்டிக்கிட்டு, ஹைதமக் கண்டிக்கத்தாங்க போனாரு" என்றார் கிஸெலா.

கண்டிக்கப் போனவர் பார்த்தது, குடில் முழுக்கத் தீ. கதவுக்கு வெளியே தாழ்ப்பாள் போட்டிருந்தது. உள்ளேயிருந்து ஜன்னலை வெறுங்கையால் உடைத்துக்கொண்டிருந்தார் ஹைதம். ஹெர் ஓர்ட்மான் ஓடிப்போய் அவரை இழுத்துப் போட்டார். அதையும் சொல்லத்தான் வேண்டும். தன் சட்டையும் கருகுவதைப் பார்க்காமல் இழுத்தார். உயிர் பிழைத்தது. மாவு பிசைகிற கைகள் இரண்டும் போயின. இருக்கின்றன, விரல்கள் மடங்காது.

கொளுத்தியது டெட்லெஃப் இல்லை. அவர் அன்று மகள் வீட்டில் பேரனோடு பந்து விளையாடிக்கொண்டிருந்தார். கொளுத்தியது ரிக்கோ. குரைக்கிற நாய் கடிக்காது என்பது சரிதான். அது குரைப்பதைக் கேட்டுக்கொண்டு பக்கத்தில் சும்மா படுத்திருக்கிற நாயைப் பற்றித்தான் பழமொழி வாய் திறப்பதில்லை.

வழக்கு நடந்தது. நான் லுப்னாவுக்கும் ஹைதமுக்கும் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். நீதிபதி ஒரு நடுத்தர வயது அம்மாள். ரிக்கோவிடம் ஏன் செய்தாய் என்று கேட்டார். அவன் உண்மையிலேயே குழம்பிப்போனவனாக விழித்தான்.

"எல்லாரும் விரும்பினதத்தானே செஞ்சேன்?"

"யார் அப்படிச் சொன்னது?"

"டெட்லெஃப் சொன்னாரு. வாராவாரம் சொன்னாரு. நான் மத்தவங்க மூஞ்சியப் பாத்தேன். ஒருத்தராவது வேணாம்னு சொல்லணுமில்ல? தலைவரே பக்கத்துல உக்காந்திருந்தாரு. தப்புன்னா அவரு சொல்லியிருப்பாரே. வேலி ரெண்டு விரல் கூடினாலே சொல்றவராச்சே அவரு."

ஹெர் ஓர்ட்மான் சாட்சியாக வந்து நின்றார். பாவம், இளைத்துப் போயிருந்தார்.

"ஹெர் ஓர்ட்மான், இந்தப் பேச்சை நீங்க ஒரு தடவையாவது கண்டிச்சதுண்டா?" என்று கேட்டார் நீதிபதி.

அவர் கொஞ்சம் நிமிர்ந்தார். "உண்டுங்க. மதிய அமைதி நேரத்துல சத்தமாப் பேசக் கூடாதுன்னு கண்டிச்சிருக்கேன்."

 மன்றத்தில் லுப்னா மட்டும் சிரித்தார். அந்த மாதிரிச் சிரிப்பை நான் அதற்கு முன் கேட்டதில்லை, இனிமேல் கேட்கவும் வேண்டாம். எனக்கு அந்த நிமிஷத்தில் ரிக்கோ மேலோ டெட்லெஃப் மேலோகூட அவ்வளவு ஆத்திரம் வரவில்லை. இந்த நல்ல மனிதரின் சட்டையைப் பிடித்து உலுக்க வேண்டும் போல இருந்தது. ஆனால் அந்தச் சட்டைக்குள் தீக்காயம் இருந்தது. அதனால் உலுக்கவும் முடியவில்லை.

ரிக்கோ சிறைக்குப் போனான். ஹைதமும் லுப்னாவும் நிலத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வேறு ஊர் போய்விட்டார்கள். போகும் நாளில் சங்கத்தின் சார்பில் ஹெர் ஓர்ட்மான் பூங்கொத்துக் கொடுத்தார். வாங்கிக்கொள்ள ஹைதமின் கை வளையாததால் லுப்னா வாங்கிக்கொண்டார். வெள்ளிக்கிழமை மேசை பழையபடி நடக்கிறது. போன வாரம் டெட்லெஃப், "வந்த எடத்துல ஒழுங்கா இருந்திருந்தா இது நடந்திருக்குமா?" என்றார். நான் எழுந்து, வாயில் வந்ததையெல்லாம் சொன்னேன். ஹெர் ஓர்ட்மான் என் கையைப் பிடித்து உட்கார்த்தினார்.

"விடுங்க. அவருக்கும் மனசு சரியில்ல."

நீங்கள் ஜெர்மனிக்காரர் இல்லை. உங்களுக்குத் தோட்டமும் இல்லை, சங்கமும் இல்லை. இந்த மனிதரைப் பார்த்து நன்றாகச் சிரித்தீர்கள், எனக்கும் சந்தோஷம். ஆனால் போன மாசம் கல்யாணப் பந்தியில் உங்கள் பக்கத்து இலைக்காரர், "அந்த ஜனங்க" என்று ஆரம்பித்து, அவர்களை என்ன செய்ய வேண்டும் என்பதுவரை விலாவாரியாகச் சொன்னாரே, அப்போது என்ன செய்தீர்கள்? பெரியவராயிற்றே என்று இருந்துவிட்டீர்களா? ரசத்துக்குக் கை நீட்டினீர்களா? உதட்டை மட்டும் விரித்தீர்களா?

அடுத்த தடவை ஒரு காரியம் செய்யுங்கள். பேசுகிறவரை விட்டுவிட்டு, பந்தியின் கோடியில் ஒரு வார்த்தையும் பேசாமல் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறவனைக் கொஞ்சம் எட்டிப் பாருங்கள். அவன் பேசுகிறவரைப் பார்க்கவில்லை. உங்கள் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறான்.