பிரஸ் மெஷினுக்கு நான் வைத்த பொட்டு

என் கையில் சந்தனக் கிண்ணத்தை யாரும் நம்பிக் கொடுப்பதில்லை. கல்யாண வாசலில்கூட என் மனைவி முந்திக்கொண்டு அதை எட்டத் தள்ளி வைத்துவிடுவாள். அவளைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை.

அம்பத்தூர் எஸ்டேட்டில், தகடு அடித்து வண்டி உதிரி பாகம் செய்யும் சின்ன கம்பெனியில் பாதுகாப்பு அதிகாரியாகச் சேர்ந்த முதல் வருடம் அது. (எனக்குக் கீழே வேலை பார்த்தது ஒரு முதலுதவிப் பெட்டி மட்டும்.) மூன்று மாதம் முதலாளியின் உயிரை எடுத்து, பெரிய பிரஸ் மெஷினுக்கு லைட் கர்ட்டன் வாங்க வைத்திருந்தேன். மெஷின் வாயின் இரு பக்கமும் இரண்டு கம்பங்கள், நடுவே கண்ணுக்குத் தெரியாத ஒளி. கை குறுக்கே போனால் மெஷின் நின்றுவிடும். அதை ஓட்டிய ஏழுமலை அண்ணனுக்கு ஏற்கெனவே ஒன்பது விரல்தான்.

ஆயுத பூஜை வந்தது. ஃபோர்மேன் தணிகாசலம் சந்தனக் கிண்ணத்தை நீட்டி, "நைனா, நீ வேதக்காரன். பொட்டு வெக்கிறதுல ஒண்ணியும் இல்லியே?" என்றார்.

கிறிஸ்தவனானாலும் ஒன்றுமில்லை என்று நிரூபித்தாக வேண்டுமே. ஸ்பேனர், சுத்தியல், டீ கேன் எதையும் விடவில்லை. என் செல்ல லைட் கர்ட்டனை விடுவேனா? கம்பத்தின் கறுத்த வழவழப்பான பக்கத்தில் பொட்டு எடுப்பாகத் தெரிந்ததால், மேலிருந்து கீழ்வரை வரிசையாக வைத்தேன்.

லீவு முடிந்து வந்தால் மெஷின் ஓடவில்லை. சிவப்பு விளக்கு அணையவேயில்லை.

"குறுக்க யார் கையும் இல்லியே சார். யாரைப் பாத்து நிக்குது?" என்றார் ஏழுமலை.

எனக்கென்ன தெரியும்? அணைத்துப் போட்டேன். ஒயரை எலி கடித்ததா என்று தரையில் படுத்துப் பார்த்தேன். கூடவந்த புத்தகத்தில் 'குறுக்கே எதுவும் இல்லை என்று உறுதி செய்யவும்' என்று இருந்தது. மெயின் சுவிட்சை அணைத்துவிட்டுத் தலையை விட்டுப் பார்த்தேன், காற்றைத் தவிர ஒன்றுமில்லை. தூசியாக இருக்குமோ என்று இரண்டு கம்பத்தையும் மூன்று முறை துடைத்தேன், பொட்டு கலையாமல் சுற்றிச் சுற்றி. (பூஜைப் பொட்டை யாராவது அழிப்பார்களா? அதுவும் வேதக்காரன் அழித்தால் அது தனி வம்பு.)

முதலாளி வந்து நின்றார். "பத்தரை வரைக்கும் பாப்பேன். ஓடலன்னா அதைக் கழட்டிப் போட்டுட்டு பழையபடி ஓட்டுங்க."

தணிகாசலம் ஸ்பேனரை எடுத்தார். ஏழுமலை விரல் போன இடது கையை பேண்ட் பாக்கெட்டுக்குள் விட்டுக்கொண்டார். அதைப் பார்த்ததும் எனக்கு அழுகையே வந்துவிட்டது.

கடைசி முயற்சியாக, லைட் கர்ட்டன் விற்ற இடத்து சர்வீஸ் பெண்ணுக்கு போன் செய்தேன். போட்டோ கேட்டாள், அனுப்பினேன்.

"சார், அந்தக் கறுப்புக் கண்ணாடி வழியாதான் லைட் போகணும். அதுல பொட்டு வெச்சது யாரு?"

போன் ஸ்பீக்கரில் இருந்தது. மொத்த கம்பெனியும் என்னைப் பார்த்தது.

தணிகாசலம் ஸ்பேனரைக் கீழே வைத்தார். கன்னத்தில் போட்டுக்கொண்டு, தன் கைக்குட்டையை நனைத்துக் கண்ணாடியைத் துடைத்தார். பச்சை விளக்கு எரிந்தது.

"இந்த லைட் கர்ட்டனெல்லாம் நமக்குத் தேவையா?" என்றார் முதலாளி.

அதுவரை லைட் கர்ட்டனை விளையாட்டுச் சாமான் என்று சொல்லிவந்த தணிகாசலம் திரும்பினார். "சந்தனம் பட்டதுக்கே நின்னுகினு கீது மொதலாளி. கை பட்டா நிக்காதா? இத்த கழட்ட வுடமாட்டேன்."

அது இன்றைக்கும் அங்கேதான் இருக்கிறது. பொட்டு மட்டும் கம்பத்தின் அடியில், தணிகாசலம் கையால்.

போன மாதம் ஏழுமலை அண்ணன் ரிட்டயர் ஆனார். திருமுல்லைவாயில் வீட்டில் விருந்து. வாசலில் அவரே சந்தனக் கிண்ணத்தை என்னிடம் நீட்டினார். என் மனைவி பாய்ந்து பிடுங்கப் பார்த்தாள். கிண்ணத்தைச் சுற்றி அதே ஒன்பது விரல்கள் இருந்தன, ஒன்றும் குறையவில்லை.

"இருக்கட்டும்மா, சாரே வெக்கட்டும்" என்று நெற்றியைக் காட்டினார். "சார், கண்ணுல மட்டும் வெச்சிடாத."