சத்தம் போடக் கூடாத அறை

லகூனா ஏரிக்கரையில் சான் எலியாஸ் வட்டார மன்றம் எந்த நற்பணியைத் தொடங்கினாலும் முதலில் ஒரு பதாகை அடிக்கும். அதில் முக்கால்வாசி இடம் மன்றத் தலைவரான கேப்டன் தியோதரோவின் சிரித்த முகத்துக்கு. மிச்ச இடம் நற்பணிக்கு.

எர்லிண்டா பதாகை கேட்டுப் போகவில்லை. அவள் கேட்டது மதியச் சாப்பாட்டு வேளையில் கொஞ்சம் அமைதி. அவளுடைய எட்டு வயது மகன் டிண்டோவுக்கு ஆட்டிசம். பேச்சு வராது, சத்தம் ஆகாது. வெள்ளைச் சோறும் பொரித்த முட்டையும் ஒன்றையொன்று தொடாமல் தட்டில் இருந்தால் தலை நிமிராமல் சாப்பிடுவான். ஆனால் பக்கத்து வீட்டு பெர்டிங் ஒரு கரோக்கே பாட்டுப்பெட்டியை வாடகைக்கு எடுத்து வைத்துக்கொண்டு, மதியமானால் மைக்கைப் பிடித்துவிடுவார். முதல் பாட்டிலேயே டிண்டோ காதைப் பொத்திக்கொண்டு மேசைக்கு அடியில் போய்விடுவான். இரண்டு கையும் காதில் இருந்தால் எந்தக் கையால் சாப்பிடுவது? பிள்ளை துரும்பாக இளைத்துக்கொண்டிருந்தான். பெற்றவள் கேப்டனிடம் போய் நின்றாள்.

"பாட்டை நிறுத்தச் சொல்றதா!" கேப்டன் நெஞ்சில் கை வைத்தார். "பெர்டிங்குக்குப் பெரிய குடும்பம், எர்லிண்டா. அத்தனை பேரும் ஓட்டுப் போடறவங்க. போதாததுக்கு அந்தப் பெட்டி என் மச்சானோடது."

"நிறுத்த வேண்டாம் கேப்டன். பையன் சாப்பிடற நேரம் மட்டும் கொஞ்சம் குறைச்சா போதும்."

"குறைச்சுப் பாடினா அது பாட்டா? நீ கவலைப்படாதே. உன் பையனுக்கு ஒரு அமைதி அறையே கட்டித் தர்றேன்!"

கட்டியும் கொடுத்தார், பொய் சொல்லக் கூடாது. சுவரெல்லாம் பஞ்சு மெத்தை, கனத்த கதவு, குளிர்சாதனம். சாத்தினால் உள்சத்தம் வெளியே போகாது, வெளிச்சத்தம் உள்ளே வராது.

திறப்பு விழாவுக்கு ஊரே நீலச் சட்டையில் வந்தது. அந்த வருஷம் கருணைக்கு நீல நிறம்தான் நாகரிகம். முரசு வாத்தியம், கூட்டு நடனம், அதிர்வேட்டு எல்லாம் முடிந்து, அமைதியின் மகத்துவத்தைப் பற்றிக் கேப்டன் ஒலிபெருக்கியில் பேசினார். ஏரியின் அக்கரைக்கும் கேட்டது.

"அக்கா, பையன் எங்கே? ரிப்பன் வெட்டணுமே," என்று ஓடி வந்தாள் மன்றச் செயலாளர் தெல்மா.

"மேடைக்குக் கீழே பதுங்கியிருக்கான். வேட்டுச் சத்தம் தாங்கலை."

"சரி, அங்கேயே இருக்கட்டும். போட்டோவுக்கு என் தங்கச்சி பையனை நிறுத்திக்கறேன். அவன் நல்லா சிரிப்பான்."

மறுநாள் மதியம் டிண்டோ அந்த அறையில் தட்டைக் காலி செய்தான். சந்தோஷத்தில் 'ம்ம்ம்' என்று முனகினான். எர்லிண்டா அழுதேவிட்டாள்.

அந்தச் சந்தோஷம் குளிர்சாதனத்தின் புகழ் பரவும்வரை நீடித்தது. முதலில் கேப்டன் 'அறையின் தரத்தைச் சோதிக்க' வந்து குறட்டை விட்டார். பிறகு கவுன்சிலர்கள் வந்தார்கள். பிறகு தெல்மா வந்தாள், புகாரோடு.

"அக்கா, தப்பா நினைக்காதீங்க. பையன் முனகறானாம். அமைதி அறையிலே சத்தம் போடக் கூடாதுன்னு விதி இருக்கு."

"இது அவனுக்காகக் கட்டின அறைம்மா!"

"கட்டினது அவனுக்காகத்தான். விதி எல்லாருக்கும் பொது."

விதியைக் காக்க ஒரு காவலாளியைப் போட்டார்கள். யாராவது முனகினால் அவர் விசில் ஊதுவார். முதல் விசிலுக்கே டிண்டோ தட்டை உதறிவிட்டு ஓடினான். எர்லிண்டா சோற்றைப் பொறுக்கிக்கொண்டு பின்னால் ஓடினாள். திரும்பவும் வீடு, திரும்பவும் மேசைக்கு அடி.

இனி அந்தப் பக்கம் தலைவைத்துப் படுப்பதில்லை என்று அவள் முடிவு செய்த வாரத்தில் வெயில் கொளுத்தியது. பெர்டிங்கும் குளுகுளு அறைக்குப் போனார். குடும்பமும் போனது. போன இடத்தில் சும்மா உட்கார முடியவில்லை. ஒருவர் மேசையைத் தட்டினார், ஒருவர் காலை ஆட்டினார், கேப்டன் சொன்ன கதையையே சொன்னார். கடைசியில் பெர்டிங், "பெட்டியை இங்கேயே கொண்டு வந்துடலாமா? மெத்தைச் சுவர், பாட்டு கும்முனு இருக்குமே!" என்றார். மச்சானின் பெட்டி என்பதால் தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது. காவலாளிக்கு முதல் பாட்டு.

அன்று மதியம் தெருவில் ஒரு பொட்டுச் சத்தம் இல்லை. ஊரின் இரைச்சல் மொத்தமும் ஒரே அறைக்குள் அடைந்து கிடந்தது. டிண்டோ சொந்த வீட்டு மேசையில் சோறு, முட்டை, இன்னொரு முட்டை என்று சாப்பிட்டு முனகினான். எர்லிண்டாவுக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை.

மாகாணத்திலிருந்து அதிகாரி ஆய்வுக்கு வந்தபோது நன்றியுரை சொல்ல அவளைக் கூப்பிட்டார்கள். மகனைக் கணவன் ரெனாட்டோவிடம் விட்டுவிட்டுப் போனாள். அதிகாரி கதவைத் திறந்தார். பெர்டிங் கண்ணை மூடி உச்சத்தில் பாடிக்கொண்டிருந்தார். ஊர் ஆடிக்கொண்டிருந்தது.

"இவங்கதான் பயனாளிகளா? என்ன குறைம்மா இவங்களுக்கு?"

"அமைதி தாங்காது சார்," என்றாள் எர்லிண்டா. "பிறவியிலேர்ந்தே. ஆனா நல்லவங்க. நாமதான் பொறுத்துப் போகணும்."

அதிகாரி உருகிப்போனார். எல்லோருக்கும் மாற்றுத்திறனாளி அட்டை உண்டு என்றார். ரோஷப்படப் போன கேப்டனின் காதில், அட்டை இருந்தால் ஓட்டல் பில்லில் தள்ளுபடி என்றாள் தெல்மா.

"எனக்குச் சின்ன வயசிலேர்ந்தே இருக்கு சார்," என்றார் கேப்டன்.

"எனக்கு அதைவிட முன்னாலேர்ந்து!" என்றார் பெர்டிங் மைக்கிலேயே.

அதிகாரி பெயர்களை மன்றத்துப் பட்டியலில் சேர்த்துக்கொண்டே வந்தார். "டிண்டோன்னு ஒரு பையன் பேர் இருக்கே, எங்கே?"

"வீட்டிலே சாப்பிட்டுட்டிருக்கான் சார்," என்றாள் தெல்மா.

"எப்படிச் சாப்பிடறான்?"

"அமைதியாதான்."

"அமைதியா சாப்பிடற பிள்ளைக்கு என்ன குறை?" அதிகாரி அந்தப் பெயரை அடித்துவிட்டார். "உண்மையா கஷ்டப்படறவங்களுக்குத்தானே அட்டை போகணும்."

எர்லிண்டாவுக்குப் பதில் வாய் வரைக்கும் வந்தது. சண்டை போட்டால் ஜெயித்தும் விடுவாள். பிறகு ஆய்வு நடக்கும், புகார் எழும், அறை மூடப்படும், பெட்டி பெர்டிங் வீட்டுக்கே திரும்பி வரும். அவள் வெளியே வந்து, கனத்த கதவை இரண்டு கையாலும் இழுத்து இறுகச் சாத்தினாள்.