என் கணக்குப்படி அந்த விமானம் பறக்காது

எவ்வளவு இருந்தால் போதும்? இந்தக் கேள்விக்கு எனக்கு இன்றுவரை விடை தெரியாது. ஹைதராபாத்தில், சைனிக்புரி வீட்டிலிருந்து அரைமணி தூரத்துத் தார்நாகாவுக்குப் போக, இரண்டரை வயது மகளுக்கு ஆறு செட் துணி எடுத்துவைப்பவள் நான். (ஒருமுறை குடையும் ஸ்வெட்டரும்கூட. மே மாதம்.)

இந்தப் புத்தி வீட்டோடு நின்றிருக்கலாம். நான் விமானம் ஓட்டவும் போனேன்.

பிரசவத்துக்காகப் பாதியில் விட்டு, பிடிவாதமாகத் திரும்பிச் சேர்ந்த பயிற்சி அது. அன்று காலை, பயிற்சி தரும் கேப்டனுடன் ஒரு சுற்று. அவருக்குத் திருப்தியானால் முதல்முறையாகத் தனியாகப் பறக்கலாம். அதற்கு முன், விமானம் எழும்ப எவ்வளவு தூரம் ஓட வேண்டும் என்று நான் கணக்குப் போட்டுக் காட்ட வேண்டும். வெயில் ஏறினால் காற்று மெலியும், இறக்கைக்குத் தூக்கும் பலம் குறையும், ஓட்டம் நீளும். எல்லாம் மனப்பாடம்.

கேப்டன் செகந்திராபாத்தில் பிறந்து வளர்ந்த தமிழர். கோபம் வந்தால் ஹைதராபாத் இந்தியும் கூடவே வரும். என் தாளைப் படித்தார்.

"ஏம்மா, வெளியில முப்பத்திரண்டு டிகிரி. நாப்பதுன்னு போட்டிருக்கே?"

"ஏறிடுச்சுன்னா சார்?"

"எதிர்க்காத்து அடிக்குது. பின்னாலேர்ந்து அடிக்குதுன்னு எழுதியிருக்கே?"

"திரும்பிடுச்சுன்னா..."

"ரன்வே ஈரமா? கைக்கு? ஒரு சொட்டு மழை இல்லையே!"

('கைக்கு' என்றால் 'ஏன்'. இந்தி வந்துவிட்டது.)

"என் வெயிட் தொண்ணூத்தஞ்சா?" குரல் உயர்ந்தது. "எழுபத்தெட்டும்மா நான்!"

பக்கத்து மேசை மாணவர்கள் புத்தகத்துக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டார்கள்.

"சரி, மொத்தத்துல என்ன சொல்றே?"

"ரன்வே பத்தாது சார். பறக்க முடியாது."

அந்த நேரம் பார்த்து, ஜன்னலுக்கு வெளியே அதே ரக விமானம் ஒன்று ஓடிவந்து, ஓடுதளத்தில் பாதிகூடத் தாண்டாமல் ஜம்மென்று எழும்பிப் போனது.

"அது உன் கணக்கைப் படிக்கலைபோல," என்றார் கேப்டன்.

என் தாளின் கடைசி வரி இன்னும் மோசம். இறக்கையின் பின்விளிம்பில் கீழே மடங்கும் பகுதிக்கு ஃபிளாப் என்று பெயர். கொஞ்சம் இறக்கினால் சீக்கிரம் எழும்பலாம். கொஞ்சமே நல்லதென்றால் முழுதும் இன்னும் நல்லதுதானே என்று, முழுதும் இறக்குவதாக எழுதியிருந்தேன்.

"கொஞ்சம் விட்டா தூக்கும்மா. முழுசா விட்டா பிடிச்சு இழுக்கும். அது தரையிறங்கத்தான். பாதுகாப்புக்குக் கூட்டு, வேணாங்கல. உள்ளதை உள்ளபடி எழுதிட்டு, கடைசியில ஒரே தடவை கூட்டு. அரைமணி நேரம் தர்றேன். இல்லேன்னா இன்னிக்கு நக்கோ, பறக்க வேணாம்."

வீட்டுக்குப் போனால் திரும்பி வரமாட்டேன் என்று எனக்குத் தெரியும். உட்கார்ந்தேன். முப்பத்திரண்டை முப்பத்திரண்டு என்றே எழுதினேன். பாதுகாப்புக்குக் கடைசியில் ஒரே தடவை கூட்டியும், ஓடுதளம் தாராளமாகப் போதும் என்று வந்தது.

ஒரு சுற்று முடிந்ததும் கேப்டன் இறங்கிக்கொண்டார். தனியாக ஓட்டினேன். அந்த எழுபத்தெட்டு கிலோ இல்லாத விமானம், நான் பயப்பட ஆரம்பிப்பதற்குள் மேலே போய்விட்டது.

இப்போதெல்லாம் வெளியே கிளம்பினால், என் கணவர் சாவியோடு வாசலில் நின்று, "ரன்வே பத்துமா?" என்கிறார். தமிழ் புரிந்தும் தமிழில் பதில் சொல்லாத என் மகள், என் கைப்பையைப் பிடித்து இழுக்கிறாள்: "நக்கோ அம்மா, சலோ!"

அடுத்த வாரம் மூவரும் ரயிலில் சென்னைக்குப் போகிறோம். ஒரே பெட்டி என்பது கணவர் போட்ட சட்டம். ஸ்வெட்டரை வெளியே எடுத்துவிட்டேன். குடையை என்ன செய்வது? தெரிந்தவர்கள் தயவுசெய்து சொல்லுங்கள். (மழை வந்துடுச்சுன்னா?)